அரும்பை விட்டு வராதவள்

செம்பட்டி பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். புதிய பாடமுறையில் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, இன்னும் எழுத்துக்கூட்டுகிறவர்களை அரும்பு, ஓரளவு வாசிப்பவர்களை மொட்டு, சரளமாக வாசிப்பவர்களை மலர் என்று பிரித்து உட்கார வைப்போம்.

கவிதாவும் பாத்திமாவும் அரும்பு. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கவிதா கதைப் புத்தகத்தைக் கடகடவென்று பாத்திமாவுக்கு வாசித்துக் காட்டுவதைப் பார்த்துவிட்டேன். தேர்வில் ஒரு வரிகூடச் சரியாக வாசிக்காத பெண்!

தனியாகக் கூப்பிட்டு, "ஏன்டி வேணும்னே தப்பாச் சொல்ற?" என்று கேட்டேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. "நான் அங்கிட்டுப் போயிட்டா பாத்திமாவுக்கு யாரு டீச்சர் சொல்லுவா? நீங்க பேசுறது அவளுக்குச் சரியாக் கேக்காதுல்ல. நான்தான் வலது காதுல சொல்லுவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாத்திமாவுக்குப் படிப்பு ஏறவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவளை அருகில் உட்காரவைத்து, தேர்வில் கேட்ட கேள்விகளையே வலது காதருகே நிதானமாகக் கேட்டேன். ஒன்றுக்குப் பதில் வந்தது. அடுத்ததற்கும் வந்தது. கவிதா என்னைப் பார்த்து, "நான்தான் சொன்னேன்ல டீச்சர்?" என்று சிரித்தாள்.

திண்டுக்கல்லில் காது டாக்டரிடம் காட்டினோம். இப்போது பாத்திமா காதுக் கருவியோடு முன் வரிசையில் இருக்கிறாள். அடுத்த தேர்வில் கவிதா ஒன்றுகூடத் தப்பு விடவில்லை.

ஒரு பிள்ளை பதில் சொல்லாமல் நின்றால், என் கேள்வி அதன் காதில் விழுந்ததா என்றுதான் இப்போதெல்லாம் முதலில் பார்க்கிறேன்.