நாய் பார்க்காத பக்கம்

"சீசன் வரைக்கும் இது உசுரோட இருக்குமாம்மா? அத மட்டும் சொல்லுங்க."

ஸ்லைடைக் காயவைத்துக்கொண்டிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டு ரோஸ்லின் கேட்டாள். எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். ரோஸ்லினின் புருஷன் சங்கு குளிக்கப் போய் மூழ்கியவன். உடல் கரை ஒதுங்கவில்லை. அவனோடு எப்போதும் போகிற செவலை நாய் வள்ளத்தோடு திரும்பி வந்தது.

அன்றிலிருந்து அதை எங்கே கட்டினாலும் முகத்தைக் கடல் பக்கமே வைத்துக்கொள்ளும். குரைக்காது. வெறுமனே பார்க்கும். தெருவே அதைக் கண்டு பயந்தது. ரோஸ்லின் மட்டும் பயப்படவில்லை. கடல் அடங்கிச் சங்குச் சீசன் தொடங்கியதும் நாயை வள்ளத்தின் முனையில் ஏற்றிப் போனால், அவன் கிடக்கும் இடத்தை அது காட்டிவிடும் என்று நம்பினாள். எலும்பையாவது எடுத்துக் கல்லறையில் வைக்க வேண்டும் அவளுக்கு. அதற்குள் நாய்க்கு மூத்திரத்தில் ரத்தம் வந்து, பின்னங்கால் இழுத்துக்கொண்டது.

கூட வந்தவர் அவள் அண்ணன் சேவியர். அன்று வள்ளத்தில் கயிறு பிடித்தவர். அந்தக் கரையில் சங்கு குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள். கீழே மூச்சு முட்டினால் அவன் கயிற்றை அசைப்பான், உடனே இழுக்க வேண்டும். "தங்கச்சி தாலியே அந்தக் கயித்துலல்லா இருக்கு, விடுவானா?" என்பார்கள். அந்தச் சாவுக்குப் பிறகு சேவியர் கடல் பக்கம் கால் வைப்பதில்லை. தங்கை குடிசைக்குப் பின்னால், ஊர்ப் பக்கமாகவே உட்கார்ந்திருப்பாராம். லேபிலும் அப்படித்தான், மேற்குச் சுவரோரம் நின்றார். நாய் கிழக்கு ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தது.

அளவு

டாக்டர் நாயின் புராஸ்டேட் சுரப்பியைப் பிசைந்து, குழாய் வழியே எடுத்த நீரை, புற்றுநோயா என்று பார்க்க ஸ்லைடில் தடவி ஸ்டெயின் போட்டிருந்தேன். எங்கள் மைக்ராஸ்கோப்புக்கு பல்பு கிடையாது. ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். ஐபீஸுக்குள் கோடு போட்ட சின்ன ஸ்கேல் உண்டு. அதை வைத்து ஒவ்வொரு செல்லின் நியூக்ளியஸையும் அளப்பேன். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் கிரேடு ஒன்று. ஒன்று மிளகாகவும் பக்கத்திலேயே இன்னொன்று சுண்டைக்காயாகவும் கிடந்தால் மூன்று, முற்றிய புற்று. இது டாக்டர் தன் வேலைக்காக வகுத்துக்கொண்ட கணக்கு. ஒரு செல்லைத் தனியாகப் பார்த்தால் பெரியதா சிறியதா என்று தெரியாது. பக்கத்தில் கிடக்கும் சிவப்பணுவோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

"சீக்கிரம் போயிருமாம்மா?" என்றார் சேவியர். தங்கை கேட்டதையேதான் கேட்டார். ஆனால் அவர் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

நியூக்ளியஸ்கள் தாறுமாறாகக் கிடந்தன. மூன்றுதான், சந்தேகமில்லை. இன்னும் கொஞ்சம் அளந்துவிட்டுச் சொல்லலாம் என்று குனிந்தபோது மைக்ராஸ்கோப்புக்குள் இருட்டியது. நிமிர்ந்தேன். சேவியர் பொறுமையில்லாமல் வந்து ஜன்னலை மறைத்து நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, வெளிச்சத்த மறைக்கியளே!" என்று சிடுசிடுத்தேன். அப்போதுதான் நாயைப் பார்த்தேன். அது மேற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேற்கே கடல் கிடையாது. உப்பளந்தான்.

"அண்ணாச்சி, கொஞ்சம் வாசப் பக்கம் போங்க" என்றேன். வாசல் வடக்கே. அவர் போனார். நாய் செத்த பின்னங்காலைத் தரையில் இழுத்து இழுத்துத் தெற்கே திரும்பியது. ஒரு தடவைகூட அவரைப் பார்க்கவில்லை.

ரோஸ்லினும் பார்த்துவிட்டாள். "அண்ணே, இங்கன வா" என்றாள். அவர் வரவில்லை.

"அண்ணே, இங்கன வாங்கேன்லா!"

சேவியர் வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏளா, கயிறு அசைஞ்சது. பீடி பத்த வச்சிக்கிட்டிருந்தேன். மீன் இடிக்குன்னு நெனச்சிட்டேன். இந்தச் சவத்து நாயி கெடந்து கொரச்சுது, சும்மா கெடன்னு அதட்டுனேன். பொறவு இழுத்தா... கயிறு லேசா வந்துச்சு."

அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ரோஸ்லின் அழவில்லை, ஏசவுமில்லை. தெற்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த நாயின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, அதன் கண்ணுக்குள் பார்த்தாள்.

"அப்ப நீ அவரு இருக்க எடத்தக் காட்டலியா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப அவரு எங்கனம்மா கெடக்காரு?"

கிரேடு என்னவென்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. நாய் சீசன் வரை தாங்கவுமில்லை.

லேபில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எதை அளந்தாலும் அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அந்த நாய் எதைப் பார்க்கிறது என்று ஊரே பார்த்தது. அது யாரைப் பார்க்கவில்லை என்பதை அன்றுவரை யாரும் கவனிக்கவில்லை.