செகாமாட் திடலில் இரண்டு நிமிடம்

மலாயாவில், செகாமாட் ஊர்த் திடலுக்கு எதிரே அமானுல்லாவின் சாப்பாட்டுக் கடை. அதிராம்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர், ரொட்டி சுட்டே காலூன்றினார். ஒரே மகன் ஜஹாங்கீர் 1914-இல் மூண்ட பெரிய சண்டையின்போது சரக்குக் கப்பலில் பஸ்ராவுக்குப் போனான். காய்ச்சலில் இறந்துவிட்டான் என்ற சேதி மட்டும் திரும்பி வந்தது. அடக்க மையித்தும் இல்லை, போய் நிற்கக் கபுரும் இல்லை.

அதனால்தான் ஆண்டுதோறும் நவம்பர் பதினொன்றாம் தேதி அடுப்பை அணைத்துவிட்டு மனைவி மஜீதாவோடு திடலுக்குப் போவார். சண்டையில் செத்தவர்களுக்காகப் பதினோரு மணிக்கு ஒரு வெடி போடுவார்கள். ஊரை ஆளும் வெள்ளைக்காரத் துரை தொப்பியைக் கழற்றுவார், சீனன் ரிக்‌ஷாவை நிறுத்துவான். அடுத்த வெடி வரைக்கும், இரண்டு நிமிடம், ஊர் மூச்சுக் காட்டாது. இறந்தவருக்கான ஜனாஸா தொழுகைக்கு நிற்பதுபோல் ஊரே தன் மகனுக்காக நிற்பதாக அவருக்குத் தோன்றும். இரு கையையும் ஏந்தி துஆ கேட்பார்.

1936-ஆம் ஆண்டு மஜீதாவுக்குக் கால் வீங்கி நடக்க முடியவில்லை. “என் பங்கையும் சேத்துக் கேட்டுட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பினாள்.

அந்த வாரம்தான் ஊர்த் தமிழர் சங்கத் தேர்தல். தலைவர் பதவிக்கு நின்ற சதாசிவம், வெடிக்கு முன் கொஞ்ச நேரம் பேசத் துரையிடம் அனுமதி வாங்கியிருந்தார். ரப்பர் தோட்டங்களிலிருந்து லாரியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். சதாசிவம் கையைத் தூக்கினால் கை தட்ட வேண்டும், இறக்கும்வரை நிறுத்தக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தது.

“பாய், மேல வாங்க. உங்க மகனப் பத்தித்தான் பேசப்போறேன்” என்று சதாசிவம் மேடையிலிருந்து கூப்பிட்டார்.

அமானுல்லா மகன் பெயரைக் கேட்கும் ஆசையில் மேடையேறினார். சதாசிவம் அவருடைய வலக்கையைப் பிடித்துத் தன் கையோடு உயரத் தூக்கினார்.

“இந்தப் பெரியவரு புள்ள அங்க உயிரக் குடுத்தான். அப்ப நம்ம வேலு ஆளுங்க எங்க இருந்தாங்க? சாராயக் கடையில!”

வேலு எதிரணி வேட்பாளர். கூட்டம் சிரித்தது, தட்டியது. ஜஹாங்கீர் என்ற பெயர் வரவே இல்லை. அதற்குள் வெடி போட்டார்கள்.

தோட்டத்து ஜனங்களுக்கு வெடி என்றால் கோயில் திருவிழா. இன்னும் பலமாகத் தட்டினார்கள். சதாசிவம் கையை இறக்கவில்லை. துரை முகம் சிவந்து, தொப்பியை மார்போடு அணைத்து, அசையாமல் நின்றார். நிறுத்தச் சொல்ல வேண்டுமானால் அவர் வாய் திறக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் வாய் திறக்கக் கூடாதே. அமானுல்லாவும் நிறுத்தச் சொல்லவில்லை. பிடியிலிருந்து கையை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. இடக்கையை மட்டும் ஏந்தி வாய்க்குள் ஓதத் தொடங்கினார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. எங்கே விட்டோம் என்று தேடுவதற்குள் இரண்டாவது வெடி.

கடைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டில் மஜீதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். துஆ கேட்டுவிட்டீர்களா என்று விசாரித்தாள். அவர் தலையாட்டினார்.

“எதுக்குங்க கை தட்டுனாங்க?”

“நம்ம மகனுக்குத்தான்.”

“ரெண்டு வெடிக்கும் நடுவுலயா?”

அமானுல்லா அடுப்புப் பக்கம் போய், கட்டையைத் திணித்து ஊதத் தொடங்கினார்.