பாலத்தின் மேல் ஒரு கால்

அடையாறு பாலத்தின் ஏற்றத்தில் நான் ஏறிவந்த ஆட்டோ நின்றுவிடுகிறது. கேஸ் தீர்ந்துவிட்டது. பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கிறது.

"கிளம்பும்போதே போட்டிருக்கலாமேப்பா?"

"கேஸ் விக்கிற வெலைக்கு, நீங்க குடுக்குற காசுலதான் போடணும் சார்," என்கிறார் ஓட்டுநர். பிறகு, பக்கத்தில் வந்த ஆட்டோக்காரரிடம், "பாய், பங்க் வரிக்கும் தள்ளி வுடு."

பாய் பின்னால் ஒட்டிவந்து, ஓட்டிக்கொண்டே இடதுகாலை நீட்டி எங்கள் வண்டியைத் தள்ளுகிறார். காலில் ரப்பர் செருப்பு. பாலம் இறங்கியதும் சாலையெங்கும் பள்ளம். எங்கள் வண்டி மறைப்பதால் அவருக்குத் தெரியாது. ஒரு குலுக்கல் போதும், கணுக்கால் போய்விடும்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலையை வெளியே நீட்டி, "பள்ளம்" என்று கத்துகிறேன். கால் விலகுகிறது. பள்ளம் தாண்டியதும் மறுபடி வந்து அழுத்துகிறது. இப்படியே ராஜா அண்ணாமலைபுரம் பங்க் வந்துவிடுகிறது.

இறங்கி அவரிடம், "மொத்தம் பதினாலு பள்ளம்," என்கிறேன்.

"எண்ணிக்கினே வந்தியா பெருசு?" பாய் சிரிக்கிறார். "பதினஞ்சு. ஒண்ண வுட்டுட்ட."

காலைத் தூக்கிக் காட்டுகிறார். செருப்பின் வார் அறுந்து தொங்குகிறது. குனிந்து பார்க்கிறேன். விரல் ஐந்தும் இருக்கின்றன.