பட்டமளிப்புப் படத்துக்கு அடியில்

வீட்டில் அவருக்குப் ‘பசை’ என்று பெயர். அச்சகத்தில் பைண்டிங் வேலை. காய்ந்த மாவுப் பசை நகக்கண்ணில் எப்போதும் வெள்ளையாக ஒட்டியிருக்கும். “ஊரான் புத்தகத்தையெல்லாம் ஒட்டுற மனுஷன், ஒரு பொண்ணோட மட்டும் ஒட்டலையே” என்பாள் தங்கை. அவரும் சிரித்து வைப்பார். அப்பா கண்ணை மூடியதும் பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு பைண்டிங் மேசைக்குப் போனவர். தம்பி படித்தான். குடும்பத்தின் முதல் பட்டதாரி. அந்தப் பெருமையில் பாதி தனக்கு என்று அண்ணன் நினைத்திருந்தார், யாரும் பங்கு பிரித்துக் கொடுக்காவிட்டாலும்.

அம்மா போய் ஒரு வருடம் ஆகப்போகும் நேரத்தில் தம்பி வந்தான். “அம்மா நெனப்பா ஒரு ஆல்பம் வேணும்ணே. கடையில குடுக்க மனசில்ல. உங்க கையால பண்ணுங்க.”

சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கறுப்பு அட்டையை வெட்டி, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, தானே தைத்தார். தகரப்பெட்டியில் கிடந்த படங்களையெல்லாம் பருத்தித் துணியால் துடைத்து ஒட்டினார். முதல் பக்கத்தை மட்டும் காலியாக விட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா அவரை ஸ்டுடியோவுக்கு இழுத்துப்போய் எடுத்த படம் அதற்கு. நாற்காலியில் அம்மா, பக்கத்தில் வெறுங்காலோடு அவர். அம்மாவோடு அவர் நின்ற படம் அது ஒன்றுதான்.

அது சுவரில் மாட்டிய பிரேமுக்குள் இருந்தது. அந்த வீட்டில் கண்ணாடி போட்ட பிரேம் ஒன்றே ஒன்று. புதுப் படம் வந்தால் பழையதை எடுக்க மாட்டார்கள். அதன் மேலேயே வைத்துவிடுவார்கள். “பின்னாடி பத்திரமா கெடக்கட்டும்” என்பாள் அம்மா.

தம்பியும் தங்கையும் பக்கத்தில் நிற்க, பிரேமைக் கவிழ்த்து ஆணிகளைப் பிடுங்கினார். மேலே தம்பியின் பட்டமளிப்புப் படம்: கறுப்பு அங்கி, தொப்பி, கையில் சுருட்டிய பட்டம். அடியில் இருந்தது தனியாக வரவில்லை. நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினார். அம்மாவின் சேலைக் கரையும் தன் கால்விரல்களும் தெரிந்தன. அதற்கு மேல் அசையவில்லை.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பட்டமளிப்புப் படம் வந்த அன்று, “கோணலா நழுவுதுண்ணே” என்று தம்பி முகம் சுளித்தான். அச்சகத்திலிருந்து பசை கொண்டுவந்து, படத்தின் முதுகில் தடவி, அடியிலிருந்ததன் மேல் அழுத்தியது இவர்தான். அடியில் இருப்பது யார் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை. தொழிலில் அவருக்கு எப்போதும் நல்ல பெயர்.

“மாவுப் பசைதான். தண்ணியில ஊறப்போட்டா விட்டுரும்” என்றார்.

“என் படம்?”

“கொஞ்சம் நெளியும். சாயமும் போகலாம். மொதல்ல செல்போன்ல ஒரு காப்பி எடுத்துக்கயேன்.”

“காப்பி காப்பிதானேண்ணே? எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்.”

“எனக்கும் அப்படித்தாண்டா.”

தம்பி தோளைத் தட்டினான். “இதுக்கு ஏன் வருத்தப்படுறீங்க? உங்களையும் அம்மாவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு கம்ப்யூட்டர்ல ஒரு படம் பண்ணிரலாம். வித்தியாசமே தெரியாது.”

“ஆமாண்ணே, செருப்புகூடப் போட்டுவிடுவாங்க” என்றாள் தங்கை.

மூவரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பு முதலில் நின்றது.

“இதையே முதல் பக்கத்துல போட்டுருங்க. அம்மாவுக்கு இதுதானே பெருமை” என்றான் தம்பி.

அம்மாவுக்கு அதுதான் பெருமை என்பது அவருக்கும் தெரியும். கிளப்பிய மூலையை மறுபடி அழுத்தினார். தூரிகையைப் பசையில் முக்கி, ஒட்டியே இருந்த படங்களின் முதுகில் ஓரம் நடு என்று பார்க்காமல் முழுக்கத் தடவினார். முதல் பக்கத்தில் வைத்து, உள்ளங்கையால் நீவி, மேலே அம்மிக்குழவியை ஏற்றினார். ஆல்பத்தோடு ஒட்டியதை இனி யாரும் தண்ணீரில் ஊறப்போடப் போவதில்லை.

ஆல்பம் வீட்டில் கைக்குக் கை சுற்றிய அன்று தம்பி மனைவி கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டுக் கேட்டாள். “என்ன மாமா, இவ்வளவு அழகா பண்ணியிருக்கீங்க, நீங்க எங்கயுமே இல்லையே?”

“மொதப் பக்கத்துலயே இருக்கேம்மா.”

அவள் திருப்பிப் பார்த்தாள். அங்கியும் தொப்பியுமாகத் தன் புருஷன் நின்றிருந்தான். “மாமாவுக்கு எப்பவும் கிண்டல்தான்” என்று சிரித்துக்கொண்டே ஆல்பத்தை மூடினாள்.