இரும்புக்கு வந்த அசதி

எங்கள் ஜீப் காமயகவுண்டன்பட்டியில் பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் மலைப்பாதையில் மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும். ஓட்டுவது என் தம்பி. வண்டிக்கு அடியில் நீளமாக ஒரு ஷாஃப்ட் உண்டு; அது சுற்றினால்தான் பின்சக்கரம் சுற்றும். அதில் விரிசல் விட்டதைத் தம்பி வெல்டிங் பட்டறையில் பற்றவைத்து ஓட்டினான். கொஞ்ச நாளில் தடதடவென்று சத்தம் வந்தது.

என் மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை. என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, "ஒடிக்கிற வேலை" என்பேன். வண்டிக்குள் சுற்றுகிற சாமான்களை மெஷினில் மாட்டி, ஒடியும்வரை முறுக்கிப் பார்க்கிற இடம் அது. அவளிடம் போனில் சொன்னதற்கு, "ஓட்டாதீகம்மா, இரும்புக்கு அசதி ஏறியிருக்கும்" என்றாள். அசதிதானே என்று நான் ஷாஃப்டைக் கழற்றி, நிழலில் சாக்கு விரித்துக் கிடத்தச் சொன்னேன்.

லீவில் வந்தவள் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"எம்மா, படுத்து எந்திரிச்சா அசதி போறது நமக்குத்தான். இரும்புக்கு ஏறுனது எறங்காது."

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "பத்தவச்ச எடம் பாறை கணக்கா இருக்கு. சத்தம் வேற எங்கனயோ வருது. பொம்பளையாளுக வேலைக்குப் போகாம ஒக்காந்திருக்காக. மாட்டத்தான் போறேன்."

"மாட்டுங்க மாமா. மொதல்ல எங்க மெஷின்ல மாட்டுவோம். தாங்குச்சுன்னா ஒங்க இஷ்டம்."

ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் கோயம்புத்தூர் போனோம். மெஷின் ஒரு முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை ஈரத்துணி பிழிவதுபோல இப்படியும் அப்படியும் முறுக்கியது. மகள் கை காட்டினால் ஓடியது, கை காட்டினால் நின்றது. சுற்றியிருந்த ஆம்பிளைகள் அவள் முகத்தைப் பார்த்து நின்றார்கள். நானும் மெஷினைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை முழுக்க ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியாக்கா, மெஷினுக்குத்தான் அசதி வரப்போகுது" என்றான் தம்பி.

சாப்பிட்டு வந்து உட்கார்ந்தோம். டொப்பென்று ஒரு சத்தம். பற்றவைத்த இடம் அப்படியே இருந்தது. அதை ஒட்டி ஒடிந்திருந்தது.

மகள் துண்டைத் திருப்பிக் காட்டினாள். "கருத்து வழவழன்னு இருக்கது முன்னமே விரிசல் விட்டது மாமா. மினுங்குறது மட்டுந்தான் இன்னைக்கி ஒடிஞ்சது."

கருப்புதான் அதிகம். தம்பி அதை விரலால் தடவினான்.

"இத வச்சா மெட்டு ஏறுனேன்? பின்னாடி கதை பேசிச் சிரிச்சுக்கிட்டு வந்தாக."

புது ஷாஃப்ட் வாங்கி மாட்டியதும், என் மகளைக் கூப்பிட்டுக் குனிந்து பார்க்கச் சொன்னான்.

"நல்லாப் பாத்துச் சொல்லு ஆத்தா. ஒடிச்சு மட்டும் பாக்காத."

அவள் சரி என்று சொன்ன பிறகுதான் சாவியைப் போட்டான்.