வாயுவுக்குத் தாடையில் என்ன வேலை?

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நோயாளியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "நேத்து என்ன சாப்பிட்டீங்க? பொய் சொல்லாம சொல்லுங்க" என்று ஆரம்பிப்பாள் லூசியானே. அவர் பொய்யை யோசித்து முடிப்பதற்குள் இவள் நாடி பார்த்து முடித்திருப்பாள்.

நியூசிலாந்தின் தெற்கு ஆக்லாந்தில் ஒரு மருத்துவமனை. இதயப் பிரிவில் இருபத்தாறு வருட நர்ஸ். டோங்கா தீவுக்காரி, ஐம்பத்து நாலு வயது, வாட்டசாட்டமான ஆள். எதிரே அவள் வந்தால் மருந்து வண்டியே ஒதுங்கி வழிவிடும். டாக்டர்கள் எல்லோரும் அவளுக்குத் தம்பிகள். தலைமை டாக்டர் மட்டும் பெரிய தம்பி.

அந்த மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கு வந்தது; ஏப்ரலுக்குள் பிரிவு காலியாகிவிட்டது. பதினாறு படுக்கைக்கு நாலே பேர். நர்சுகள் மடித்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தார்கள்.

"வேலை இல்ல, டென்ஷன் இல்ல. ஊரோட சேர்ந்து இதயமும் லீவு போட்டுடுச்சு போலக்கா" என்றான் இளம் டாக்டர் ஹாமிஷ்.

"இதயம் லீவு போட்டா வீட்ல இருக்க முடியாது தம்பி. சர்ச்சுக்குப் பின்னாடி குழிக்குத்தான் போகணும்."

சொல்லிவிட்டுக் காலிப் படுக்கைகளை ஒருமுறை எண்ணினாள். நெஞ்சு வலி ஊரை விட்டு எங்கே போகும்? அன்று முதல் சாப்பாட்டு வேளையில், தன் சர்ச்சுப் பாடகர் குழுவில் ஐம்பதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் போன் போட ஆரம்பித்தாள். முதல் ஐந்து பேரும் நலம் என்றார்கள். ஐந்து பேரும் ஒரே மாதிரி நலம் என்றதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆறாவது ஆள் சாமிசோனி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குழுவிலேயே கனத்த குரல்.

"ரெண்டு நாளா வாயு, தங்கச்சி. தாடை வரைக்கும் இழுக்குது."

"வாயுன்னா கீழ இறங்கணும். அதுக்குத் தாடையில என்ன வேலை?"

"கொரோனாவுல ஜனங்க கஷ்டப்படுது. நான் ஒரு ஏப்பத்துக்காக அங்க வந்து இடத்தை அடைக்கவா? மானம் போயிடும்."

"சரி, ஞாயித்துக்கிழமைப் பாட்டுல உங்க முதல் வரியைப் பாடுங்க, கேப்போம்."

பாடினார். நாலாவது சொல்லில் மூச்சு அறுந்தது. அவர் மனைவிக்குக் கேட்கும்படி போனுக்குள் கத்தினாள் லூசியானே.

"மாலியா அண்ணி! உங்க போன்ல ஆம்புலன்சைக் கூப்பிடுங்க, இப்பவே. அண்ணனை உக்கார வைங்க, நடக்க விடாதீங்க. நான் இந்த லைன்லயே இருக்கேன்."

"இரு, நல்ல சட்டை..." என்றது சாமிசோனியின் குரல்.

"போட்டோ எடுக்கவா போறீங்க? உக்காருங்க! நீங்க ஓட்டின ரூட்ல ஸ்டாப்பெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லுங்க. மெதுவா."

சொன்னார். சந்தை, நூலகம், பள்ளிக்கூடம். ஒரு ஸ்டாப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டபோதெல்லாம், "பெல் அடிச்சாச்சு, வண்டியை எடுங்க" என்று அதட்டினாள். அவளுடைய இன்னொரு கை மேஜை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. பதினேழாவது ஸ்டாப்பில் சைரன் கேட்டது.

அவள் மருத்துவமனையிலேயே மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு இதய அடைப்பை நீக்கினார்கள். "இன்னும் அரை நாள் போயிருந்தா..." என்று ஆரம்பித்த ஹாமிஷை அவள் முடிக்கவிடவில்லை. "மெதுவா தம்பி. அந்த மனுஷன் காதுல விழுந்தா மறுபடி வாயு வந்துடும்."

மூன்றாம் நாள், பார்க்க யாரும் வர அனுமதியில்லாத அறையில், சாமிசோனி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். "தங்கச்சி, உனக்கு நான் எப்படி நன்றி..."

"நன்றியை அப்புறம் பாத்துக்கலாம். நம்ம குழுவுல பாடற பிலிமோனே ஒரு வாரமா தோள் வலிங்கறான். நான் சொன்னா நர்ஸுன்னா அப்படித்தான் பயமுறுத்துவாங்கன்னு சிரிக்கறான். நீங்க சொல்லுங்க."

எண்ணை அழுத்தி, ஒலியை முழுதாகக் கூட்டி, அவர் நெஞ்சின்மேல் போனை வைத்தாள். மணி போய்க்கொண்டிருக்கும்போதே, அவர் நிமிர்ந்து பேச வசதியாக முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையைச் செருகினாள்.