ஓடினால் ஃபவுல்

பந்தல்குடியில் நல்லமுத்துவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய இடது காலைத் தெரியாதவர்கள் கிடையாது. வாலிபத்தில் அந்தக் காலால் அவர் அடித்த பந்து கோலுக்குள் போனதா, தூத்துக்குடி ரோட்டில் போன லாரிக்குள் போனதா என்று இன்றைக்கும் டீக்கடையில் பேசுவார்கள். மற்றபடி அவரும் எல்லாரையும் போல மல்லியும் பருத்தியும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சம்சாரிதான்.

போன பொங்கலுக்குப் பெருசுகளுக்கும் இளவட்டங்களுக்கும் பந்தாட்டம் வைத்தார்கள். சும்மா வேடிக்கைக்குத்தான். எல்லாரும் வேடிக்கையாக ஆட, இந்த மனுஷன் மட்டும் மெய்யாகவே ஓடினார். அறுபத்தேழு வயசு நெஞ்சு சும்மா இருக்குமா? கோல் போட்ட கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மதுரைக்குத் தூக்கிப் போய் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். அவர் கண் விழித்ததும் மகள் சத்யபிரியா அவர் கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள்.

"இனிமே ஓட மாட்டேன்னு சொல்லுப்பா."

பெற்ற பிள்ளையின் தலையில் கை வைத்துச் சொன்ன வாக்குத் தவறினால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. இந்தப் பக்கத்தில் அதில் இரண்டு பேச்சு கிடையாது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு நல்லமுத்துவுக்கு மிச்சம் இருப்பது இந்த ஒரு பிள்ளைதான். ஓட மாட்டேன் என்று சொன்னார்.

சொன்னது ஓடுவதைப் பற்றி மட்டும்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அது நடக்காதே, குனியாதே, வெயிலில் நிற்காதே என்று வளர்ந்துகொண்டே போனது. காட்டை வேறொருத்தருக்கு வாரத்துக்கு விட்டாயிற்று. சத்யா தன் புருஷன் மருதுபாண்டி வடக்கே லாரி ஓட்டப் போயிருந்ததால் அப்பன் வீட்டோடு வந்துவிட்டாள். அருப்புக்கோட்டையில் பார்த்த தையல் வேலையையும் விட்டுவிட்டாள். வாசலில் கிரில் கேட் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்கப்பா போற?"

"ஒண்ணுக்கு."

"கதவத் தாப்பாப் போடாத."

இப்படி ஒரு பிழைப்பு. காலையில் மாத்திரை, சாயங்காலம் மாத்திரை, நடுவில் டிவி. கிரில் கம்பியைப் பிடித்தபடி ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். செத்திருந்தால்கூடச் சுடுகாடு வரைக்கும் வெளியே போயிருக்கலாம் என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியது. மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு மாத்திரை கொடுப்பாள்.

அந்தக் கேட்டைத் திறக்க வைத்தவர் முகம்மது சுல்தான். துபாயில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே வெள்ளைக்காரக் கிழவர்கள் ஒருத்தரும் ஓடாமல் நடந்தே பந்தாடுவதைப் பார்த்திருந்தார். அதை அப்படியே பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுவந்து, முழங்கால் வலிக்காரர்களையும் சர்க்கரைக்காரர்களையும் சேர்த்துவிட்டார்.

"ஓடுனா ஃபவுல்மா. நாங்களே விசில ஊதிருவோம்" என்று சத்யாவிடம் கெஞ்சினார். "ஒங்கப்பாவப் பாத்த ஆஸ்பத்திரியிலயும் கேட்டுட்டு வந்துட்டேன். நடக்கத்தான சொல்றாக?"

சத்யா சாவியை எடுத்தாள். "என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனது ஞாபகம் இருக்கட்டும்" என்று மட்டும் அப்பனிடம் சொன்னாள்.

முதல்நாள் நல்லமுத்துவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இதெல்லாம் ஒரு ஆட்டமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிழடுகள் கல்யாணப் பந்தியில் இடம் தேடுவது மாதிரி பந்தைத் தேடி நடந்தார்கள். ஆனால் பந்து இடது காலில் பட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதற்குப் பிறகு அந்தச் சாயங்கால ஒரு மணிநேரத்துக்காகத்தான் மிச்சப் பொழுதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். ஓடிவிட்டால் அதுவும் போச்சு, மகளுக்கும் ஆகாது. ஒவ்வொரு எட்டையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் வைத்தார்.

ஆடி மாசத்தில் ஒருநாள் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பந்து காற்றோடு உருண்டு கோல் பக்கம் போனது. காவலுக்கு யாரும் இல்லை. கோல்காரர் கண்ணில் விழுந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்லமுத்து போட்ட பந்து கோலுக்குள் விழுந்த பிறகுதான் விசில் சத்தம் அவர் காதில் ஏறியது.

"அண்ணே, ஓடிட்டீக! கோல் செல்லாது" என்று சுல்தான் சிரித்தார். எல்லாருமே சிரித்தார்கள். நல்லமுத்துவுக்கு மகள் தலைதான் ஞாபகத்துக்கு வந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

வீட்டில் லைட் போடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் சத்யா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தாள். ஒருநாளும் அந்த நேரத்தில் படுக்கிறவள் இல்லை.

"தாயி, எந்திரி தாயி. நான் ஓடிட்டேன்" என்று அவள் காலடியில் உட்கார்ந்து அழுதார். "ஒனக்கு என்னத்தா செய்யுது?"

"தலைவலி" என்று எழுந்து உட்கார்ந்தாள் சத்யா. விஷயம் புரிந்ததும் கத்தப்போகிறாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கத்தவில்லை.

"தினமும் இந்நேரம் படுத்துத்தான் கெடக்கேன். நீ பாத்ததில்ல. நீ போற ஒரு மணிநேரமும் கேட்டப் பாத்துக்கிட்டே இருப்பேன், யாராவது தூக்கிட்டு வந்துருவாகளோன்னு. முடியாமப் போனா படுத்துருவேன். இன்னிக்குத்தான் நீ சீக்கிரமா வந்துட்ட." மூக்கை முந்தானையில் துடைத்தாள். "பொங்கல்லருந்து நானும் அந்தக் கேட்டத் தாண்டலப்பா. ஒன்னயப் பூட்டிவச்சா நானும் உள்ளதான கெடக்கணும்?"

கேட்டுக்குள் அடைந்து கிடப்பது தான் ஒருத்தர் மட்டும் என்றுதான் இத்தனை நாளும் அவர் நினைத்திருந்தார். என்ன மனுஷன் பாருங்கள்.

சத்யா அவர் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்தாள். பிறகு அவளே அதை இறக்கி அவர் மடியில் போட்டாள்.

"சத்தியத்த எடுத்துட்டேன். இனிமே ஓடுனா ஒன் நெஞ்சுதான் பொறுப்பு. என் தலை இல்ல."

மறுநாள் சாயங்காலம் அவளே அவரை மைதானத்துக்குக் கூட்டி வந்தாள். தலை சீவிப் பூ வைத்திருந்தாள். தோளில் பழைய கைப்பை தொங்கியது.

"சுல்தான் மாமா, அப்பாவப் பாத்துக்கங்க. தையல் கடை வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றாள். கேட்டுச் சாவியை அப்பன் கையில் கொடுத்துவிட்டு, ரோட்டைக் கடந்து அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பஸ் கிளம்பியது. நெஞ்சு அடைத்தது நல்லமுத்துவுக்கு. நோய் இல்லை, பயம்தான். அவள் திரும்பி வருகிற வரைக்கும் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. இத்தனை மாசமாக அவள் இதைத்தான் வைத்துக்கொண்டு கிடந்தாளா?

"அண்ணே, பந்து" என்றார் சுல்தான்.

ஓடாதே என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. நல்லமுத்து சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பந்தை நோக்கி நடந்தார்.